புளியமரத்தடியில் ஓர் இரட்டை உளவாளி – 1943இல் நடக்கும் கதை, ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்

பாரமகால்வாசி | சனி, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக ஒரு நாவலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் படித்துச் சொல்ல ஆளில்லை, அதனால் இங்கே கொண்டுவந்து கொட்டுகிறேன்.

நாயகன் பெயர் மாதப்பன். முழுக்கக் கற்பனை. காரிமங்கலம் பக்கத்து மானாவாரிக் குடும்பம். பதினெட்டு வயதில் மலாயா போய் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறான். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பான் கைக்குப் போகிறது. பினாங்கில் இந்தியர்களுக்கென்று நடந்த உளவுப் பயிற்சிப் பள்ளியில் இவனும் சேர்கிறான். நீர்மூழ்கியில் ஏற்றி மலபார் கரையில் இறக்கிவிடுகிறார்கள். இறங்கியவன் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்துபோய்ச் சரணடைகிறான். வெள்ளைக்காரர்கள் அவனைத் தங்கள் ஆளாக்கி, ஜப்பானுக்குப் பொய்த் தகவல் அனுப்ப வைக்கிறார்கள்.

அப்புறம் அவன் ரயிலேறித் தர்மபுரியில் இறங்கி, கிருஷ்ணகிரியில் தங்கி, சென்னை – பெங்களூர் சாலையில் போகிற ராணுவ லாரிகளை எண்ணி அனுப்புவதாக நடிக்கிறான். கடைசியில் கே.ஆர்.பி. அணை (நம் கிருஷ்ணகிரி அணை) மேல் ஒரு துரத்தல்.

ஓட்டை எங்கே என்று தயங்காமல் சொல்லுங்கள். அழமாட்டேன்.

---

மொரப்பூர் பயணி | சனி, இரவு 10:15

அழத் தயாராகுங்கள் அண்ணா.

1943இல் தர்மபுரிக்கு ரயிலே கிடையாது. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906இல் ஒரு குட்டி ரயில் வந்தது, குறுகிய பாதை. பிற்பாடு ஓசூர் வரை நீட்டினார்கள். 1941இல் யுத்தத் தேவைக்கு இரும்பு வேண்டும் என்று தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் தாத்தா இதைச் சொல்லும்போதெல்லாம், யாரோ வீட்டில் புகுந்து அடுப்பைத் தூக்கிப்போன மாதிரிச் சொல்வார். அந்த 36 கிலோமீட்டருக்குப் புதிய பாதை போட 2019இல்தான் அடிக்கல் நாட்டினார்கள்.

உங்கள் ஆள் மெயின் லைனில் வந்து மொரப்பூரில் இறங்கலாம். அதற்கப்புறம் மாட்டுவண்டி, இல்லையென்றால் நடை.

இன்னொன்று. கே.ஆர்.பி. அணை 1957இல் திறந்தது. 1943இல் அங்கே துரத்தினால் இரண்டு பேரும் தென்பெண்ணை மணலில்தான் ஓடவேண்டும். அணை கட்டாயம் வேண்டும் என்றால் மேட்டூருக்குப் போங்கள், அது 1934இலேயே முடிந்துவிட்டது.

---

கிளிமூக்கு மாங்கா | சனி, இரவு 10:22

முதல் பதிலிலேயே ரயிலும் போச்சு, அணையும் போச்சு. 😄 மாதப்பனுக்கு ஒரு டம்ளர் மோராவது கொடுங்கப்பா.

---

பாரமகால்வாசி | சனி, இரவு 10:41

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தண்டவாளம் பெயர்த்த சங்கதி எனக்குத் தங்கம். மலாயா போகும்போது குட்டி ரயிலில் போனவன் திரும்பி வரும்போது வெறும் மண்மேட்டின் மேல் நடந்து ஊருக்குப் போகிறான். அத்தியாயம் தானாகவே வந்துவிட்டது. நன்றி தம்பி.

அணைத் துரத்தலைத் தூக்கிவிட்டேன். உண்மையில் அது எனக்கே பிடிக்கவில்லை.

---

ராயக்கோட்டை ரவுண்டு | ஞாயிறு, காலை 6:50

ரயிலும் அணையும் கிடக்கட்டும். எனக்கு அடிப்படையிலேயே ஒரு கேள்வி. இவன் எதற்காகச் சரணடைகிறான்?

மலபாரில் தானூர் கரையில் 1942 செப்டம்பரில் நிஜமாகவே அப்படி ஒரு குழு இறங்கியது. பிடிபட்டார்கள். வக்கம் அப்துல் காதர் உட்பட நான்கு பேரை 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கில் போட்டார்கள். அந்த நாலு பேர் தூக்குமேடைக்குப் போகிற நேரத்தில், உங்கள் மாதப்பன் கிருஷ்ணகிரியில் உட்கார்ந்து வெள்ளைக்காரனுக்கு மெசேஜ் தட்டிக்கொண்டிருக்கிறான். இவனை நான் எதற்கு நாயகனாக ஏற்கவேண்டும்? நம்ம ஊர்ப் பாஷையில் இதற்குப் பெயர் காட்டிக்கொடுத்தவன்.

ஐரோப்பாவில் இந்தச் சிக்கல் கிடையாது. அங்கே எதிர்ப்பக்கம் ஹிட்லர். அவனை ஏமாற்றினால் கைதட்டலாம். இங்கே ஏமாற்றப்படுகிறவன் பின்னால் ஐ.என்.ஏ., அதாவது இந்திய தேசிய ராணுவம், நிற்கிறது. வாசகன் யார் பக்கம் உட்காருவான்?

---

தென்பெண்ணை | ஞாயிறு, காலை 8:30

ரவுண்டு சொல்வது நியாயமான கேள்வி. ஆனால் பதில் அவ்வளவு நேர்கோடாக இருக்காது. நான் வரலாறு சொல்லிக்கொடுக்கிறவள், கொஞ்சம் நீட்டிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பகத் ராம் தல்வார் என்று ஒருவர். 1941 ஜனவரியில் சுபாஷ் சந்திர போஸ் மாறுவேடத்தில் கல்கத்தாவை விட்டுத் தப்பினார் அல்லவா, பெஷாவரிலிருந்து காபூல் வரை அவரை மலைவழியே கூட்டிப்போனவர் இவர்தான். இவருடைய அண்ணன் ஹரி கிஷன் பஞ்சாப் கவர்னரைச் சுட்டதற்காக 1931இல் தூக்கிலிடப்பட்டவர். இப்படிப்பட்ட குடும்பத்திலிருந்து வந்த ஆள், இத்தாலி, ஜெர்மனி, ரஷ்யா, பிரிட்டன், ஜப்பான் என்று ஐந்து நாடுகளுக்கு உளவு பார்த்தார். பிரிட்டிஷார் வைத்த பெயர் 'சில்வர்'. டில்லியில் எதிரியை ஏமாற்றும் வேலைக்கென்றே இருந்த பிரிவின் தலைவர் பீட்டர் ஃப்ளெமிங் வைத்தது. (ஜேம்ஸ் பாண்டை எழுதியவருடைய அண்ணன். அந்தக் குடும்பத்துக்கே இதுதான் பிழைப்பு போல.)

தல்வார் கம்யூனிஸ்ட். 1941 ஜூனில் ஹிட்லர் ரஷ்யா மீது பாய்ந்ததும் அவருக்கு எதிரி யார் என்கிற கணக்கே மாறிவிட்டது. அண்ணனைத் தூக்கில் போட்ட அரசாங்கத்துக்காக, தானே தப்பவைத்த போஸுக்கு உதவிய ஜெர்மானியரை ஏமாற்றினார். இவர் துரோகியா? என் வகுப்பில் கேட்டால் பாதி கை தூக்குவார்கள், பாதி தூக்கமாட்டார்கள். தூக்கியவர்களில் பாதி பேர் மணி அடிப்பதற்குள் இறக்கிவிடுவார்கள்.

ஆனால் தல்வாருக்கு ஒரு கொள்கை இருந்தது. மாதப்பனுக்கு என்ன இருக்கிறது? பாரமகால்வாசி அண்ணா அதைச் சொல்லவே இல்லை.

---

பாரமகால்வாசி | ஞாயிறு, காலை 9:05

சொல்லவில்லை, ஏனென்றால் எனக்கே தெரியவில்லை அக்கா. இங்கேதான் மூன்று வருடமாக மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

---

கிளிமூக்கு மாங்கா | ஞாயிறு, காலை 11:20

கொள்கையை நீங்கள் பேசி முடியுங்கள். நான் வயிற்றுப்பாட்டைக் கேட்கிறேன். இவன் கிருஷ்ணகிரியில் என்ன வேலை செய்வதாகக் காட்டிக்கொள்கிறான்? சும்மா ரோட்டோரம் உட்கார்ந்து லாரி எண்ணுகிறவனை நம்ம ஜனங்கள் மூன்றாம் நாளே பிடித்து "யார் வீட்டுப் பையன் நீ, எந்த ஊரு, என்ன ஆளுங்க" என்று ஆரம்பித்துவிடுவார்களே.

யோசனை ஒன்று. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக மண்டி வைத்திருக்கிறது, அதனால் தோன்றுகிறது. சாலையோரப் புளியமர ஏலம்! அந்தக் காலத்தில் ஜில்லா போர்டு ஏலம் விடும், இன்றைக்கு நெடுஞ்சாலைத் துறை விடுகிறது. இந்த மரத்திலிருந்து அந்த மரம் வரை இத்தனை மரம் என்று ஏலம். மரத்துக்கு மரம் சுண்ணாம்புப் பட்டை, மேலே நம்பர். ஏலம் எடுத்தவன் தை மாசத்திலிருந்து மரத்தடியிலேயே கிடப்பான். இல்லாவிட்டால் ராவோடு ராவாகக் கண்டவன் உலுக்கிக்கொண்டு போய்விடுவான். கையில் நோட்டு, பென்சில், எத்தனை மூட்டை, எத்தனை ஆள் கூலி என்று எப்போதும் எதையோ எழுதிக்கொண்டிருப்பான். ரோட்டைப் பார்த்துக்கொண்டு எழுதுகிறவனை ஒருத்தன் ஏன் என்று கேட்கமாட்டான்.

சீசன் முடிந்தால் மாந்தோப்புக் காவல். அதுவும் முடிந்தால் நீங்கள்தான் பார்த்துக்கொள்ளவேண்டும்.

---

மொரப்பூர் பயணி | ஞாயிறு, காலை 11:34

மாங்கா அண்ணா, சத்தியமாகச் சொல்கிறேன், இந்த இழையிலேயே இதுதான் டாப். மரத்து நம்பரையே சங்கேதமாக வைத்துக்கொள்ளலாம். "நாற்பத்தேழாம் மரத்தில் காய்ப்பு நன்று" என்றால் இத்தனை லாரி பெங்களூர்ப் பக்கம் போனது.

---

தென்பெண்ணை | ஞாயிறு, பகல் 12:10

இடமும் பொருந்துகிறது. ஜப்பானுக்குக் கிருஷ்ணகிரி மேல் என்ன ஆசை என்று யாராவது கேட்டால், பெங்களூர்தான் பதில். ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை 1940 டிசம்பரில் தொடங்கியது. யுத்தத்தின் நடுவில் அமெரிக்கப் போர் விமானங்களை அங்கேதான் பழுது பார்த்தார்கள். சென்னையிலிருந்து அங்கே போகிற சாலைகளில் ஒன்று கிருஷ்ணகிரி வழியாகத்தான் போகிறது.

ஃப்ளெமிங் ஆட்களின் முக்கிய வேலையே இந்தியாவில் இல்லாத படையை இருப்பதாகக் காட்டுவது. ஆக, மாதப்பன் ரோட்டோரம் உட்கார்ந்து எண்ணுவது வராத லாரிகளை. நாள் முழுக்க நாலு கட்டைவண்டியும் ஒரு பஸ்ஸும் போன சாலையைப் பார்த்துவிட்டு, ராத்திரி "அறுபது லாரி" என்று அனுப்பவேண்டும். எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது.

---

தந்தி ஆபீஸ் | ஞாயிறு, மாலை 4:45

எல்லோருக்கும் வணக்கம். நான் ஓய்வுபெற்றவன், வயது எழுபத்தெட்டு. என் பேரன் இந்தப் பக்கத்தைக் காட்டினான். 2013 ஜூலையில் தந்திச் சேவையை நிறுத்தியபோது நான் பணியில் இல்லை, ஆனால் அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

தம்பி, உங்கள் ஆள் தகவல் "தட்டுகிறான்" என்று ஒரு வார்த்தையில் தாண்டிவிட்டீர்கள். கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

நாங்கள் அடித்தது கம்பித்தந்தி. இவன் அடிப்பது ஆகாயத்தந்தி. கருவி வேறு, ஆனால் மோர்ஸ் (நீளமும் குட்டையுமான தட்டல்களால் எழுத்தைச் சொல்கிற முறை) ஒன்றுதான், கையும் ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் ஒரு கைவாகு உண்டு. ஒருவர் நீளத்தை இழுப்பார், ஒருவர் குட்டையை விழுங்குவார், ஒருவர் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்குகிற மாதிரி நிறுத்துவார். மறுமுனையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது முதல் நாலு எழுத்திலேயே தெரியும். எனக்கு அரூரிலிருந்து அடிக்கிற ஒருவர் இருந்தார். நேரில் அவரைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, ஒரு கல்யாணத்தில். ஆனால் அவருக்கு ஜலதோஷம் என்றால் எனக்கு இங்கே தெரியும். சத்தம் சரியாகக் கேட்கவேண்டும் என்று சவுண்டருக்கு (வருகிற தந்தியைச் சத்தமாகத் தட்டிக் காட்டும் கருவி) பின்னால் காலி சிகரெட் டப்பாவைச் செருகி வைத்திருப்போம். அந்தத் தகர அதிர்வில் அவருடைய கை அப்படியே வந்து உட்காரும்.

அதனால் மாதப்பனுக்குப் பதிலாக ஒரு வெள்ளைக்கார சார்ஜன்ட் உட்கார்ந்து அடித்துவிட முடியாது. பினாங்கில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் ரங்கூனிலோ சிங்கப்பூரிலோ காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், அவனுக்குக் கை தெரியும். ஆக, இவனை உயிரோடு வைத்திருந்தே ஆகவேண்டும். இவன் தொண்டையில் கயிறு விழாமல் இருந்ததற்கு இவன் விரல்தான் காரணம்.

இன்னொரு கேள்வி. வயர்லெஸ் பெட்டிக்கு மின்சாரம்?

---

பாரமகால்வாசி | ஞாயிறு, மாலை 5:20

ஐயா, நீங்கள் வந்தது என் பாக்கியம். மின்சாரம் வெள்ளைக்காரர்களே கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் கையில்தானே இருக்கிறான்?

---

தந்தி ஆபீஸ் | ஞாயிறு, மாலை 6:02

கொடுப்பார்கள். ஆனால் ஜப்பான்காரன் கேட்பானே, "எங்கிருந்து சார்ஜ் போடுகிறாய்" என்று. அதற்கு ஒரு பதில் வேண்டாமா?

அந்தக் காலத்துக் கிராமத்தில் ஈய பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற ஒரு வழி இருந்தது. டூரிங் டாக்கீஸ். கொட்டகைக்குப் பின்னால் ஆயில் எஞ்சின் ஓடும், டைனமோ இருக்கும். ஆபரேட்டருக்கு நாலணா கொடுத்தால் போதும். அதையே மாதப்பன் பொய்யாகச் சொல்லட்டும். ஆனால் பொய் சொன்னால் அதன்படி நடக்கவேண்டும். மழைக்காலத்தில் கொட்டகையைப் பிரித்துவிடுவார்கள், அப்போது இவன் இரண்டு வாரம் ஊமையாக இருக்கவேண்டும். திரும்பி வரும்போது சத்தம் மெலிந்து, பாதியில் அறுந்துபோகவேண்டும். எப்போது கூப்பிட்டாலும் கணீரென்று பேசுகிற உளவாளியை நான் நம்பமாட்டேன்.

---

தென்பெண்ணை | ஞாயிறு, இரவு 7:15

ஐயா சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஓர் உதாரணம்.

ஹுவான் புஜோல் கார்சியா என்ற ஸ்பெயின்காரர், பிரிட்டிஷார் வைத்த பெயர் 'கார்போ'. 1941இல் லிஸ்பனில் உட்கார்ந்துகொண்டே இங்கிலாந்தில் இருப்பதாக ஜெர்மானியரை நம்பவைத்தவர். கையில் ஒரு சுற்றுலாக் கையேடும் கொஞ்சம் பத்திரிகைகளும்தான். ஒருமுறை, கிளாஸ்கோ தொழிலாளிகள் ஒரு லிட்டர் ஒயினுக்காக எதையும் செய்வார்கள் என்று எழுதிவிட்டார். ஸ்காட்லாந்தில் யார் ஒயின் குடிக்கிறார்கள்? ஜெர்மானியர் கவனிக்கவில்லை.

பிறகு நிஜமாகவே இங்கிலாந்து போய், தனக்குக் கீழே 27 கற்பனை உளவாளிகளை உண்டாக்கினார். அதில் லிவர்பூலில் ஓர் ஆள். 1942 நவம்பரில் நடந்த வட ஆப்பிரிக்கப் படையெடுப்புக்கு முன்னதாகவே கப்பல்கள் கிளம்பின. லிவர்பூலில் இருக்கிறவன் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. பார்த்தும் சொல்லவில்லை என்றால் குட்டு உடைந்துவிடும். என்ன செய்தார் தெரியுமா? அவனுக்கு நோய் வரவைத்துச் சாகடித்துவிட்டார். உள்ளூர்ப் பத்திரிகையில் இரங்கல் அறிவிப்பே வந்தது. பிறக்காதவன் செத்ததற்கு, இல்லாத மனைவிக்கு ஜெர்மானியர் உதவித்தொகை கொடுத்தார்கள்.

அந்த 27 பேரில் ஓர் இந்தியரும் உண்டு! 'ராக்ஸ்' என்று ஒரு கவிஞர். அவருக்கு ஒரு காதலி, தெரசா ஜார்டின் என்று, கடற்படை மகளிர் பிரிவில். அந்தப் பெண்ணை இலங்கைக்கு மாற்றலாக்கி அங்கிருந்தும் பொய் அனுப்பினார்கள். இரண்டு பேருமே காகிதத்தில் மட்டும் இருந்தவர்கள்.

---

கிளிமூக்கு மாங்கா | ஞாயிறு, இரவு 7:28

பிறக்காதவன் பெண்டாட்டிக்கு பென்ஷன். எங்கள் தெருவில் நிஜமாகச் செத்தவர் பெண்டாட்டி பென்ஷனுக்கு ஒன்றரை வருடமாக அலைகிறார்.

---

நெல்லிக்கனி | ஞாயிறு, இரவு 9:00

தமிழாசிரியன் எட்டிப் பார்க்காமல் போனால் தகடூர் மண்ணுக்கு, நம் தர்மபுரிக்கு, அழகல்ல. அதியமான் தூதுக்கு அனுப்பியதே ஔவையாரை. தொண்டைமானின் ஆயுதசாலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உன் வேலெல்லாம் நெய் பூசி மயில்பீலி சூட்டிப் பளபளவென்று இருக்கிறது, எங்கள் மன்னன் வேல் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது" என்று புகழ்வதுபோல இகழ்ந்துவிட்டு வந்தவர். எதிரி வீட்டில் உட்கார்ந்து இரண்டு அர்த்தத்தில் பேசுவது நம் ஊருக்குப் புதிதில்லை.

நான் சொல்லவந்தது குறள். ஒற்றாடல் அதிகாரத்தில் 589: ஒற்றர்கள் ஒருவரை ஒருவர் அறியாதபடி வைத்துக்கொள், மூன்று பேர் சொல்வது ஒத்துவந்தால் நம்பு. இத்தனை வருடம் வகுப்பில் இதைச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்குத் தென்பெண்ணை எழுதியதைப் படித்ததும் திக்கென்றது. ஜெர்மானியர் செய்தது அச்சாக இந்தக் குறள்தானே? மூன்று பேர் சொல் ஒத்துவந்தது, நம்பினார்கள். மூன்று பேரும் ஒரே ஸ்பெயின்காரன் என்பதுதான் சிக்கல்.

---

ராயக்கோட்டை ரவுண்டு | ஞாயிறு, இரவு 9:25

வள்ளுவர் மேல் தப்பில்லை ஐயா. ஒருவரை ஒருவர் அறியக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஜெர்மானியர் ஒருத்தனை நம்பி, "நீயே ஆள் சேர்த்துக்கொள்" என்று விட்டுவிட்டார்கள். குத்தகையை மொத்தமாக ஒருவனுக்கே விட்டால் இதுதான் கதி.

கார்போ கதையெல்லாம் ரசித்துப் படித்தேன். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. மாதப்பன் யார் பக்கம்?

---

பாரமகால்வாசி | திங்கள், அதிகாலை 1:10

தூக்கம் வரவில்லை. ரவுண்டு அண்ணா கேட்டதையே சுற்றிச் சுற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில், அவன் சரணடையவில்லை. அதை அடித்துவிட்டேன். பிடிபடுகிறான். கரையில் மீனவர்களுக்குச் சந்தேகம் வந்து பிடித்துக்கொடுக்கிறார்கள். 1943இல் எதிரி ஏஜெண்ட் அவசரச் சட்டம் வந்துவிட்டது, தண்டனை தூக்கு. ஒரு பக்கம் கயிறு, ஒரு பக்கம் மோர்ஸ் சாவி. இருபத்து நான்கு வயதுப் பையன். சாவியை எடுக்கிறான்.

இதோடு நிறுத்தினால் கோழையின் கதை. அதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை.

---

தந்தி ஆபீஸ் | திங்கள், காலை 5:30

தம்பி, வழி இருக்கிறது. பாதுகாப்புக் குறி.

வயர்லெஸ் ஆளை அனுப்பும்போதே ஒரு பிழையைச் சொல்லி அனுப்புவார்கள். இத்தனையாவது எழுத்தில் வேண்டுமென்றே தப்பு விடு, தப்பு இருந்தால் நீ சுதந்திரமாக இருக்கிறாய், தப்பில்லாமல் வந்தால் எதிரி உன் தலைக்கு மேல் நிற்கிறான் என்று அர்த்தம். பார்க்கிற அதிகாரிக்குச் சுத்தமான மெசேஜ் ஒழுங்காகத் தெரியும். உள்ளே அது கூப்பாடு.

உங்கள் மாதப்பன் வெள்ளைக்காரனிடம் குறியை மாற்றிச் சொல்லட்டும். முதல் நாளே, ஒரு பிழையும் இல்லாமல், எங்கள் சூப்பர்வைசரே பாராட்டுகிற மாதிரி அடித்து அனுப்பட்டும்.

---

தென்பெண்ணை | திங்கள், காலை 7:45

ஐயா! இதை நிஜமாகவே செய்திருக்கிறார்கள்.

'டிரெஷர்' என்ற பெயரில் பிரிட்டிஷாருக்காக ஜெர்மானியரை ஏமாற்றிய நதாலி செர்கெயெவ், இப்படி ஒரு குறியைப் பிரிட்டிஷாரிடம் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தார். காரணம் அவருடைய நாய். அதைக் கொண்டுவந்து சேர்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள், சேர்க்கவில்லை, நாய் இறந்துபோனது. பிரான்சில் படை இறங்குவதற்குச் சில வாரம் முன்னால், 1944 மே மாதம், அவரே வாய்விட்டுச் சொல்கிறவரை யாருக்கும் தெரியாது. ஒரு நாய்க்காக மொத்தப் படையெடுப்பும் கவிழ்ந்திருக்கலாம்.

அதைவிட ஹாலந்தில் நடந்தது நெஞ்சை அறுக்கும். பிரிட்டன் அனுப்பிய லாவர்ஸ் என்ற வயர்லெஸ்காரர் 1942 மார்ச்சில் ஜெர்மானியரிடம் பிடிபட்டார். பதினாறாவது எழுத்தில் பிழை விடவேண்டும் என்பது அவருடைய குறி. ஜெர்மானியர் அடிக்கச் சொன்னார்கள், அவர் பிழையில்லாமல் அடித்தார். லண்டனில் இருந்தவர்கள் கண்டுகொள்ளவே இல்லை. திரும்பத் திரும்ப அனுப்பினார், திரும்பத் திரும்பக் கண்டுகொள்ளவில்லை. அவர் சொல்லை நம்பி ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆட்களைப் பாராசூட்டில் இறக்கினார்கள், நேராக ஜெர்மானியர் கையில். பெரும்பாலானவர்கள் உயிரோடு திரும்பவில்லை.

ஏன் கவனிக்கவில்லை? தங்களுக்கு ஹாலந்தில் ஓர் ஆள் இருக்கிறான் என்று மேலிடத்தில் சொல்லியாகிவிட்டது. இல்லை என்று ஆக்க யாருக்கும் மனசில்லை.

---

ராயக்கோட்டை ரவுண்டு | திங்கள், காலை 8:20

இப்போது ஒப்புக்கொள்கிறேன். இவன் தன் ஆட்களிடம் முதல் நாளே உண்மையைச் சொல்லிவிட்டான், அவர்கள் கேட்கவில்லை. வெள்ளைக்காரன் இவனைத் தன் சாமர்த்தியமான ஆள் என்று நினைக்கிறான், ஜப்பான்காரனும் அப்படியே நினைக்கிறான். நான் ஏமாற்றவில்லை என்று இவனுக்கு மட்டும் தெரியும், அதைச் சொல்ல ஓர் ஆள்கூட இல்லை. புளியமரத்தடியில் உட்கார்ந்து அழட்டும்.

---

கிளிமூக்கு மாங்கா | திங்கள், பகல் 1:40

நீங்கள் அழுங்கள், நான் நேற்று ஒரு பரிசோதனை செய்தேன். உளவாளி என்றால் கண்ணுக்குத் தெரியாத மை வேண்டாமா என்று, சோறு வடித்த கஞ்சியைத் தீக்குச்சி நுனியில் தொட்டு என் பெண்ணின் நோட்டில் "அறுபது லாரி" என்று எழுதினேன். காய்ந்ததும் எதுவும் தெரியவில்லை. காயத்துக்குப் போடுகிற அயோடின் மருந்தைத் தண்ணீர் கலந்து பஞ்சில் தொட்டுத் தடவினேன். கஞ்சியில் மாவுச்சத்து, அயோடின் பட்டால் நீலம். எழுத்து கருநீலமாக எழும்பி வந்தது, ஆகா என்றேன். அரை நிமிஷத்தில் மொத்தப் பேப்பரும் ஊதாப் பூத்துவிட்டது! காகிதம் செய்யும்போதே மாவுப்பசை சேர்க்கிறார்களாம். எழுத்து தெரிகிறது, ஆனால் சாயத்தில் விழுந்த மாதிரி.

பெண் கணக்கு நோட்டைக் காட்டி அவள் டீச்சரிடம் என்ன சொன்னாள் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. நாவலில் கஞ்சி மை வைத்தால் காகிதத்தை யோசித்துத் தேர்ந்தெடுக்கவும்.

---

நெல்லிக்கனி | திங்கள், இரவு 8:50

அடுத்த குறளையும் போட்டுவிடுகிறேன், 590. ஒற்றனுக்கு ஊரறியச் சிறப்புச் செய்யாதே, செய்தால் ரகசியத்தை நீயே வெளியே தள்ளினவன் ஆவாய். கார்போவுக்கு ஜெர்மனி இரும்புச் சிலுவையும் பிரிட்டன் எம்.பி.இ. பட்டமும் கொடுத்தன, ஒரே வருடத்தில், ஒன்றுக்கொன்று தெரியாமல். மாதப்பனுக்கு என்ன கிடைக்கிறது?

---

பாரமகால்வாசி | செவ்வாய், இரவு 10:30

ஐயா, அதற்கு இன்றைக்குப் பதில் கிடைத்தது. கடைசி அத்தியாயம் 1972.

அந்த வருட ஆகஸ்டில் மத்திய அரசு விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியம் அறிவிக்கிறது. ஐ.என்.ஏ.காரர்களுக்கும் உண்டு. ஆறு மாதமாவது சிறையில் இருந்திருக்கவேண்டும். மாதப்பன் இருந்திருக்கிறான். மகன் நச்சரிக்கிறான், "அப்பா, எழுதிப் போடுங்கள்." அதற்குள் தர்மபுரி தனி மாவட்டமாகி ஏழு வருடம். கலெக்டர் ஆபீசுக்குப் போய் வரிசையில் நிற்கிறான். கிளார்க் நல்ல பையன், மரியாதையாகத்தான் பேசுகிறான். "சிறை ரெக்கார்டு இருக்குங்களா ஐயா?" இல்லை. பிரிட்டிஷார் இவனுக்கு ரெக்கார்டு எதையும் விட்டுவைக்கவில்லை. "பரவாயில்லைங்க, உங்களோட ஜெயில்ல இருந்தவங்க யாராவது ரெண்டு பேர் சான்று கொடுத்தாப் போதும். யார் யார் இருந்தாங்க? பேரைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

மாதப்பனுக்குப் பெயர்கள் தெரியும். எல்லாமே தெரியும். கிளார்க் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். இவன் விரல் மேஜை மேல் தானாகத் தட்ட ஆரம்பிக்கிறது. ஒரு பிழையும் இல்லாமல்.

அப்புறம் விண்ணப்பத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வருகிறான்.

---

தந்தி ஆபீஸ் | செவ்வாய், இரவு 10:52

என்ன தட்டினான் என்று எழுதாதீர்கள் தம்பி. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

---

ராயக்கோட்டை ரவுண்டு | செவ்வாய், இரவு 11:05

எனக்குச் சம்மதம்.

---

மொரப்பூர் பயணி | புதன், காலை 6:15

அண்ணா, நன்றாக இருக்கிறது. ஒன்றே ஒன்று. கலெக்டர் ஆபீசிலிருந்து அவன் ஊருக்குத் திரும்புவதைப் பஸ்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். ரயிலை நான் பார்த்துச் சொல்கிறேன்.